ஒன்பது இடத்துக்கும் ஒரே ஆள்

பந்தாட்டக் கோஷ்டி ஒன்று புதிதாக ஒரு பையனை ஒப்பந்தம் செய்துகொள்வது பெரிய சமாசாரம் அல்ல. ஒரு காகிதம், அதில் இரண்டு கையெழுத்து, பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரி. அந்த நாலு வரியையும் படிக்காமல் பக்கத்தைப் புரட்டுகிறவர்களே அதிகம்.

ஆனால் 1961-ஆம் வருஷத்தில் போடப்பட்ட ஒரு கையெழுத்தின் கதை வேறு. போட்டவர், கியூபா தீவைச் சேர்ந்த டாகோபெர்ட்டோ காம்பனேரிஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். போடச் செய்தது, அமெரிக்காவில் கான்ஸாஸ் சிட்டி நகரத்து 'அத்லெடிக்ஸ்' என்னும் பேஸ்பால் கோஷ்டி. 'கேட்சர்' என்ற இடத்துக்குத்தான் அவர் முதலில் வந்தார். அந்த வேலையைப் பெரிய ஆட்டங்களில் அவர் எத்தனை காலம் பார்த்தார் என்பதில் இந்தக் கதையின் வேடிக்கை இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்காக அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பதில் இதன் கனம் இருக்கிறது.

முகமூடி உத்தியோகம்

நமக்குக் கிரிக்கெட் தெரியும். பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது. ஆகையால் கேட்சர் என்பவர் யார் என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவருக்குப் பேஸ்பாலில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் கேட்சர். ஆனால் விக்கெட் கீப்பர் வேகப்பந்துக்குப் பத்துப் பதினைந்து கஜம் தள்ளி நின்றுகொள்ளலாம். கேட்சருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மட்டையைச் சுழற்றுகிறவனுக்கு நேர் பின்னால், மட்டை முதுகில் படாத குறையாக, குந்தி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அறுபது அடி ஆறு அங்குல தூரத்திலிருந்து பந்து மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் வரும். அது தரையில் பட்டு எழும்புவதில்லை, நேரே வருகிறது. மட்டையில் பட்டால் திசை மாறி எங்கே பாயும் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் கேட்சருக்கு மட்டும் முகத்துக்கு இரும்புக் கம்பி மூடி, மார்புக்குக் கவசம், முழங்காலுக்குக் கீழே காப்பு எல்லாம் உண்டு. இந்தச் சாமான்களுக்கு அமெரிக்க ஆட்டக்காரர்கள் 'அறியாமையின் ஆயுதங்கள்' என்று பரிகாசமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தியுள்ளவன் எவனாவது இந்த உத்தியோகத்துக்கு வருவானா என்பது அதன் தாத்பரியம்.

உண்மையில் மிகுந்த புத்தி வேண்டிய இடம் அதுதான். களத்திலுள்ள மற்ற எட்டுப் பேரும் ஒரு திசையைப் பார்க்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் எட்டுப் பேரையும் பார்க்கிறார். அடுத்த பந்தை எப்படி எறிய வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரல்களை நீட்டி எறிபவருக்கு ஜாடை காட்டுகிறவரும் அவரே. ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைந்து வரும் பந்து. நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவந்த இந்த விரல் பாஷைக்கு 2022-ஆம் வருஷத்தில் ஒரு மின்சார யந்திரம் போட்டியாக வந்திருக்கிறது. ஆனால் எதைக் காட்டுவது என்ற யோசனையை யந்திரம் செய்துவிடாது.

அது தவிர, திருடர்களைப் பிடிக்கும் வேலையும் உண்டு. பேஸ்பாலில் ஓடுகிறவன் தொண்ணூறு அடிக்கு ஒன்றாக இருக்கும் 'பேஸ்' என்னும் நிலைகளில் தங்கித் தங்கி ஓட வேண்டும். சமயம் பார்த்து, பந்து எறியப்படும்போதே அடுத்த நிலைக்கு ஓடிவிட்டால் அதற்குப் 'பேஸ் திருடுதல்' என்று பெயர். கேட்சர் உடனே எழுந்து, இரண்டாவது பேஸுக்கு நூற்றிருபத்தேழு அடி தூரம் பந்தை வீச வேண்டும். அது கையில் வாங்கி எழுந்து வீசிப் போய்ச் சேர்வதற்கு எல்லாமாக இரண்டு விநாடிதான் அவகாசம். ஆட்டத்தின் போலீஸ்காரர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை.

இப்படிப்பட்டவர் கிடைப்பது அருமை. அதிலும் கேட்சர் வேலையோடு வேறு இடங்களிலும் நின்று ஆடக்கூடியவர் கிடைத்தால், கோஷ்டிக்காரர்கள் விட மாட்டார்கள்.

விடுதலையின் விளையாட்டு

அமெரிக்க விளையாட்டுக்குக் கியூபா தேசத்தில் ஆள் தேடுவானேன் என்று கேட்கலாம். கியூபாக்காரர்களைப் பொறுத்த வரையில் பேஸ்பால் அந்நிய விளையாட்டே அல்ல.

1864-இல் நெமேஸியோ கியோ என்ற மாணவர் அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு மட்டையும் பந்தும் கொண்டுவந்தார் என்று வரலாறு சொல்கிறது. அப்போது கியூபா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆள வந்தவர்களின் கேளிக்கை காளைச் சண்டை. அடிமைப்பட்டிருந்த ஜனங்களில் சுதந்திர உணர்ச்சி பெற்ற இளைஞர்கள், 'உங்கள் காளைச் சண்டை உங்களுக்கு. எங்களுக்கு இந்தப் பந்தாட்டம்' என்று நினைக்க ஆரம்பித்தார்கள். மட்டையும் பந்தும் ராஜத்துரோகச் சாமான்களாகிவிட்டன. 1868-இல் முதல் சுதந்திரப் போர் மூண்டதும், அடுத்த வருஷத்திலேயே ஸ்பானிய அதிகாரிகள் பேஸ்பாலுக்குத் தடை போட்டார்கள். ஆட்டத்தைத் தடுத்தால் ஆசை வளரும் என்பது எந்த அரசாங்கத்துக்கும் உரிய காலத்தில் தெரிவதில்லை.

1874 டிசம்பர் 27-ஆம் தேதி மட்டான்ஸாஸ் நகரில் பால்மார் தே ஹூன்கோ மைதானத்தில் ஹவானா கோஷ்டிக்கும் மட்டான்ஸாஸ் கோஷ்டிக்கும் நடந்த ஆட்டத்தைக் கியூபாவின் பேஸ்பால் சரித்திரத்தில் முதல் பெரிய ஆட்டமாகக் கொண்டாடுகிறார்கள். ஹவானாவுக்கு 51 ஓட்டம், மட்டான்ஸாஸுக்கு 9. 1878-இல் தேசிய லீக் ஏற்பட்டது. அதை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான எமிலியோ ஸாபூரின் சுதந்திர இயக்கத்தில் ஈடுபட்டார். 1895-இல் ஸ்பானியர்கள் அவரைக் கைது செய்து, ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸெயுத்தா சிறைக்கு அனுப்பினார்கள். 1897-இல் அங்கேயே உயிர் நீத்தார். ஒரு விளையாட்டின் ஸ்தாபகரைத் தியாகிகளின் ஜாபிதாவில் சேர்த்திருக்கும் தேசங்கள் அதிகம் இல்லை.

அந்த மட்டான்ஸாஸ் பூமியில்தான் 1942 மார்ச் 9-ஆம் தேதி காம்பனேரிஸ் பிறந்தார்.

நிறத்தின் வேலி

காம்பனேரிஸுக்கு முன்னால் அமெரிக்கா போன கியூபாக்காரர்களும் உண்டு. கேட்சர்களில் முக்கியமானவர் மிகுவெல் கொன்ஸாலெஸ். 1912-இல் பாஸ்டன் கோஷ்டியில் ஆரம்பித்து, பதினேழு பருவங்கள் பெரிய லீக்குகளில் ஆடியவர். 1938-லும் 1940-லும் ஸெயின்ட் லூயி நகரத்துக் கோஷ்டிக்குக் கொஞ்ச நாள் மானேஜராகவும் இருந்தார். ஒரு சமயம் ஓர் ஆட்டக்காரரைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி அவரைக் கேட்டார்களாம். 'பிடிப்பான், அடிக்க மாட்டான்' என்ற பொருளில் நாலே ஆங்கில வார்த்தைகளில் அவர் தந்தி கொடுத்தார் என்றும், அது அமெரிக்காவில் பழமொழியாகிவிட்டது என்றும் சொல்வார்கள்.

கொன்ஸாலெஸுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. அவர் வெளுத்த நிறத்தவர். ஹோஸே மெண்டெஸ் என்பவர் கறுப்பர். 1908-இல் அமெரிக்காவிலிருந்து ஹவானாவுக்கு வந்த ஸின்ஸினாட்டி கோஷ்டியினர் மெண்டெஸ் எறிந்த பந்தில் ஒரு ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு 'ஹிட்' மட்டும் அடித்துவிட்டுத் தோற்றுப் போனார்கள். ஆயினும் அவரைத் தங்கள் லீக்கில் சேர்த்துக்கொள்ள அமெரிக்கர்களுக்கு மனம் வரவில்லை. 2006-இல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அப்போது அவர் இறந்து எழுபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

1947-இல் ஜாக்கி ராபின்ஸன் அந்த வேலியைத் தாண்டினார். 1949-இல் மின்னி மின்யோஸோ என்ற கறுப்புக் கியூபாக்காரர் பெரிய லீக்கில் நுழைந்தார். அதன் பிறகே காம்பனேரிஸ் போன்ற பையன்களுக்கு வழி உண்டாயிற்று.

ஒரு வழிப் பாதை

வழி உண்டான சமயத்தில் மற்றொரு கதவு சாத்திக்கொண்டது. 1959-இல் கியூபாவில் புரட்சி வெற்றி பெற்றது. 1961 ஜனவரியில் அமெரிக்கா ராஜீய உறவைத் துண்டித்துக்கொண்டது. பணத்துக்காக விளையாடுவதையே கியூபா அரசாங்கம் அந்த வருஷத்தில் ஒழித்துவிட்டது. எண்பது வருஷத்துக்கு மேல் பழமையான தொழில்முறை லீக் அத்துடன் மறைந்தது.

முன்பெல்லாம் கியூபா ஆட்டக்காரர்கள் கோடையில் அமெரிக்காவில் ஆடிவிட்டுக் குளிர் காலத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இனி அப்படி இல்லை. தொழிலாக ஆட விரும்புகிறவன் தேசத்தை விட வேண்டும். தேசத்தில் இருக்க விரும்புகிறவன் தொழிலை விட வேண்டும். 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி வந்து, இரண்டு தேசங்களுக்கும் நடுவே விமானப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. தொண்ணூறு மைல் அகலமுள்ள ஜலசந்தி மகா சமுத்திரமாகிவிட்டது.

அந்தத் தலைமுறையில் இப்படி வந்தவர்களின் கதைகள் உருக்கமானவை. டோனி ஒலிவா சகோதரனுடைய பெயரில் இருந்த பாஸ்போர்ட்டுடன் 1961-இல் வந்து, அந்தப் பெயரிலேயே பிரஸித்தியடைந்தார். லூயிஸ் தியான்ட் என்னும் பந்தெறிபவர் தம் தகப்பனாரைப் பார்க்காமல் பதினான்கு வருஷம் இருந்தார். ஸ்ரீராமனுடைய வனவாசக் கணக்குத்தான். 1975-இல் விசேஷ அனுமதி பெற்று அந்த முதியவர் பாஸ்டனுக்கு வந்தார். ஒரு காலத்தில் அவரும் பெரிய பந்தெறி வீரர். நிறம் காரணமாகப் பெரிய லீக்கில் ஆட முடியாதவர். ஆகஸ்டு 26-ஆம் தேதி அவரை மைதானத்தின் நடுவே அழைத்து, முதல் பந்தை எறியச் சொன்னார்கள். மேல் சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு அவர் பந்தை எறிந்தார். கூட்டம் எழுந்து நின்றது.

பத்தொன்பது வயதில் காம்பனேரிஸ் போட்ட கையெழுத்தின் அர்த்தம் இதுதான்.

வலக்கையும் இடக்கையும்

கேட்சராக வந்த பையனை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது விரைவிலேயே ஒரு பிரச்னையாகிவிட்டது. காரணம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் ஆடினார். 1962-இல் ப்ளோரிடா மாகாணத்தில் டேட்டோனா பீச் என்னும் ஊரின் சிறிய கோஷ்டியில் இருந்தபோது, ஒரு நாள் அவரைப் பந்தெறியச் சொன்னார்கள். வலக்கைக்காரர் மட்டை பிடித்தால் வலக்கையாலும், இடக்கைக்காரர் வந்தால் இடக்கையாலும் எறிந்தார்! அர்ஜுனனுக்கு ஸவ்யஸாசி என்று பெயர் வந்ததும் இரண்டு கையாலும் அம்பெய்ததனால்தானே?

ஆனால் ஆள் ஒல்லி. ஐந்தடி பத்தங்குல உயரம்; 160 ராத்தல் எடை. கேட்சர் வேலையோ குந்திக் குந்தி முழங்காலைத் தேய்ப்பது. மானைப் போல ஓடுகிற கால்களை அப்படி வீணாக்குவானேன்? இரண்டாவது, மூன்றாவது பேஸுகளுக்கு நடுவே நிற்கும் 'ஷார்ட் ஸ்டாப்' என்ற இடத்துக்கு அவரை மாற்றினார்கள்.

1964-இல் அவரை அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் கோஷ்டிக்கு அனுப்பினார்கள். பர்மிங்ஹாம் என்றால் எந்தப் பர்மிங்ஹாம்? முந்தின வருஷம் செப்டம்பரில் கறுப்பர்களின் மாதா கோயிலில் வெடிகுண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்களே, அந்தப் பர்மிங்ஹாம்! கறுப்பரும் வெளுப்பரும் சேர்ந்து ஆடக் கூடாது என்று சட்டம் இருந்த ஊர். அந்த ஊரின் கோஷ்டியில் இரு நிறத்தவரும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடியது அந்த வருஷத்தில்தான். இங்கிலீஷும் சரியாகத் தெரியாத கியூபா இளைஞர் அங்கே ஆடினார், நன்றாகவும் ஆடினார்.

ஜூலை 23-ஆம் தேதி மேல் கோஷ்டியிலிருந்து அவசர அழைப்பு வந்தது. மின்னெஸோட்டாவில் ஆட்டம். எறிந்தவர் ஜிம் காட் என்னும் பிரபல வீரர். பெரிய லீக்கில் காம்பனேரிஸ் சந்தித்த முதல் பந்து அது. அந்தப் பந்தையே மைதானத்துக்கு வெளியே அடித்து 'ஹோம் ரன்' எடுத்தார். அதே ஆட்டத்தில் இன்னொன்றும் அடித்தார்.

செப்டம்பர் எட்டாம் தேதி

அத்லெடிக்ஸ் கோஷ்டியின் எஜமானர் சார்லஸ் பின்லி. இன்ஷூரன்ஸ் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். விளம்பரத்தில் மன்னர். கோஷ்டிக்கு அடையாளமாக ஒரு கோவேறு கழுதையை வாங்கி, அதற்குத் தம் பெயரையே சூட்டியவர் என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்? 1965-இல் அவருடைய கோஷ்டி பத்துக் கோஷ்டிகளில் பத்தாவதாக இருந்தது. ஜனங்கள் மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு யுக்தி செய்தார். ஒரே ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸில் ஒன்பது இடத்திலும் காம்பனேரிஸ் ஆடுவார் என்று விளம்பரப்படுத்தினார். பெரிய லீக்குகளின் சரித்திரத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

செப்டம்பர் 8-ஆம் தேதி இரவு, எதிரே கலிபோர்னியா கோஷ்டி. முதல் இன்னிங்ஸில் ஷார்ட் ஸ்டாப், பிறகு இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், அப்புறம் வெளிக் களத்தில் இடது, நடு, வலது, ஏழாவதில் முதல் பேஸ். எட்டாவதில் பந்தெறிபவர். இரண்டு கையாலும் எறியும் வித்தையை இங்கேயும் காட்டினார். எதிர்க் கோஷ்டியில் ஹோஸே கார்டினால் என்பவர் இருந்தார். அவரும் மட்டான்ஸாஸ்காரர், காம்பனேரிஸுக்கு உறவினர். பிறந்த ஊரில் ஒன்றாகப் பார்த்துக்கொள்ள முடியாத உறவினர்கள் அந்நிய தேசத்து மைதானத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். அந்த இன்னிங்ஸில் காம்பனேரிஸ் கொடுத்தது ஒரே ஓட்டம்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் முகமூடியும் கவசமும் அணிந்துகொண்டார். வந்த வேலைக்குக் கடைசியில் அழைப்பு! எட் கிர்க்பாட்ரிக் என்ற கட்டுமஸ்தான வீரர் மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்து வந்தார். காம்பனேரிஸ் விலகவில்லை. இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து காம்பனேரிஸின் கையிலேயே இருந்தது, வந்தவர் 'அவுட்'. ஆனால் தோளில் பலமான அடி. அதற்கு மேல் ஆட முடியாமல் களத்தை விட்டு வெளியேறினார். பதின்மூன்று இன்னிங்ஸ் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் அவருடைய கோஷ்டி 5-3 என்று தோற்றது.

விளம்பரத்துக்காக ஓர் இளைஞனுடைய உடம்பைப் பணயம் வைத்தது நியாயமா என்ற கேள்வியை இப்போதும் கேட்கலாம். கோஷ்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர். அந்த வருஷம் லீக்கிலேயே அதிகமாக, 51 பேஸ்களைத் திருடியவர். அவருக்கு அடுத்தபடி அதிகம் திருடியவர் வேறு யாரும் இல்லை. அந்த உறவினர் கார்டினால்தான்!

போலீஸ்காரர் திருடரானார்

பிறகு நடந்தவை பெரிய புகழ்க் கதை. சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968-இல் கோஷ்டி ஓக்லண்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. கடைசி இடத்தில் கிடந்த கோஷ்டி 1972, 1973, 1974 ஆகிய மூன்று வருஷங்களிலும் தொடர்ந்து உலகப் பட்டம் பெற்றது. 1973-இல் கடைசி ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தவர்களில் ஒருவரும், கடைசிப் பந்தைப் பிடித்துப் பட்டத்தை முடிவு செய்தவரும் காம்பனேரிஸ்தான். ஆறு வருஷங்களில் லீக்கிலேயே அதிகப் பேஸ்களைத் திருடினார். மொத்தக் கணக்கு 649. திருடர்களைப் பிடிக்கும் வேலைக்கு அழைத்துவரப்பட்டவர் திருட்டிலேயே மன்னரானார். கேட்சர் எப்போது எழுவார், கை எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவர் அறியாததா?

குறை இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. 1972-இல் டெட்ராய்ட் கோஷ்டியின் பந்தெறிபவர் எறிந்த பந்து கணுக்காலில் பட்டதும், கோபம் பொறுக்காமல் கையிலிருந்த மட்டையை அவர்மேல் வீசினார். நல்ல வேளை, படவில்லை. அபராதமும் தடையும் கிடைத்தன. அடுத்த வருஷம் முதல் ஏழு ஆட்டங்களிலும் வெளியே உட்கார வேண்டியிருந்தது.

ஒன்பது இடத்து விரதத்தை அவருக்குப் பிறகு இன்னும் நாலு பேர் நிறைவேற்றியிருக்கிறார்கள். அவர்களில் முதல்வர் வெனிஸூலா தேசத்து ஸேஸர் டோவார். 1968-இல் அவர் பந்தெறிய நின்றபோது, முதலாவதாக மட்டையுடன் எதிரே வந்து நின்றவர் யார் தெரியுமா? காம்பனேரிஸ்!

இன்னும் சாத்தியிருக்கும் கதவு

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கியூபா இளைஞனுடைய கையெழுத்தின் விலை முழுதும் இறங்கிவிடவில்லை. பல பேர் படகேறிக் களவாக வெளியேறி, மூன்றாவது தேசம் ஒன்றில் குடியிருந்து, பிறகு அமெரிக்கக் கோஷ்டிகளில் சேர்ந்தார்கள். ஹோஸே பெர்னாண்டெஸ் என்னும் பையன் நடுக்கடலில் யாரோ அலையில் விழுந்ததைக் கண்டு குதித்து இழுத்தான். இழுத்த பிறகே அது தன் தாயார் என்று தெரிந்தது. பிற்காலத்தில் அவர் பெரிய பந்தெறி வீரரானார்.

2018 டிசம்பரில் அமெரிக்க லீக்கும் கியூபா பேஸ்பால் சங்கமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கியூபா ஆட்டக்காரர்கள் தேசத்தைத் துறக்காமல் நேர் வழியில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நாலு மாதம்கூட அது நீடிக்கவில்லை. 2019 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் அதை ரத்து செய்துவிட்டது. ஒரு காலத்தில் ஒரு தேசம் கதவைச் சாத்தியது. மறு காலத்தில் மற்றொரு தேசம் சாத்தியது. நடுவில் நிற்பவன் மட்டும் எப்போதும் அந்தப் பத்தொன்பது வயதுப் பையன்தான்.

காம்பனேரிஸ் 1983 வரை ஆடினார். 2,300க்கு மேற்பட்ட ஆட்டங்கள். அவற்றில் கேட்சராக நின்றது எத்தனை என்று கணக்கு எடுத்தால், ஒரே ஓர் ஆட்டம். அதிலும் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டுமே. அந்த ஒரு தடவையும், மலை போல ஒருவர் வந்து மோதியபோதும், பந்தை அவர் நழுவ விடவில்லை.